இரவல் விரல்

அந்த மருத்துவமனையின் முன்வாசல் வழியாகப் போகிறவர்களுக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. முன்னால் கண்ணாடிக் கதவு, பூந்தொட்டி, வழி சொல்வதற்கென்றே சிரித்த முகமாக ஒரு பெண். பிணவறையைத் தாண்டிப் பின்னால் போனால், எந்நேரமும் நீராவி கக்கிக்கொண்டிருக்கும் ஒரு நீண்ட கட்டடம். அதுதான் சலவைக்கூடம். நோயாளிகள் படுத்த விரிப்பும் போர்த்திய போர்வையும் அங்கேதான் வந்து குவியும்.

நெட்டச்சி அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தது ஒரு மத்தியான நேரம். கையில் ஒரு பை. பைக்குள் மாற்றுத்துணியும், தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளின் படமும். வெளியே வெயில் கொளுத்தியது. கூடத்துக்குள் காலை வைத்தால் எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு ஆவி. வெளுப்பு மருந்தின் நெடி மூக்கைக் குத்தியது. தாழ்ந்த வாசலில் தலை இடிக்காமல் அவள் குனிந்து நுழைந்தபோது ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அடேங்கப்பா! ஏணிக்கு யாரு சேலை கட்டிவிட்டது?"

கூடமே சிரித்தது. நெட்டச்சி என்ற பேர் அந்த நிமிடம் வைத்ததுதான். வைத்தவள் கோந்து.

கோந்து என்பது அவளுக்கு மற்றவர்கள் வைத்த பேர். பேச ஒரு ஆள் கிடைத்தால் விடமாட்டாள், அதனால். அவளுக்கு அதில் கோபமே கிடையாது. அப்பா, அம்மா, கட்டினவன், பெற்றது, கூடப் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாதவள். கூடத்துக்குப் பின்னால் வேலைக்காரப் பெண்கள் தங்கும் வரிசை அறைகள். ஒரு அறைக்கு இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். கோந்துவின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. நெட்டச்சி தன் பையை அதன்மேல் வைத்தாள். அவ்வளவுதான், இருவரும் கூட்டாளி ஆகிவிட்டார்கள்.

வேலை முடிந்து வந்ததும் மகளிடம் நெட்டச்சி போனில் பேசுவாள். கோந்து பாத்திரம் கழுவுகிற மாதிரி பக்கத்திலேயே நிற்பாள். பேசி முடித்ததும் கேட்பாள்.

"என்ன சொன்னா?"

"சாப்பிட்டியான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"ஏண்டி, கூடத்தானே நின்ன? எல்லாம் காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு. நீ சொல்லு, இன்னொரு தடவை கேட்டுக்கறேன்."

அப்படி ஒரு தனிமை, கண்ணுகளா. அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் கேட்டு வயிற்றை நிரப்பிக்கொள்கிற தனிமை.

பிறகு ஒருநாள் மருத்துவமனை முழுவதற்கும் கைரேகை மெஷின் வந்தது. வாசலுக்கு வாசல் ஒரு கறுப்புப் பெட்டி. சலவைக்கூடத்து வாசலிலும் ஒன்றைச் சுவரில் அறைந்தார்கள். காலையில் விரலை வைத்தால் ஒரு பெண்குரல் பேரைச் சொல்லி வணக்கம் சொல்லும். சாயங்காலம் வைத்தால், "நன்றி, சென்று வாருங்கள்." உள்ளே இருக்கும் ஆளை அது எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசி ஆள் விரல் வைத்து வெளியே போனதும் விளக்குகள் தானாக அணையும், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒருவர் உள்ளே இருந்தாலும் பூட்டாது. கொதிநீரும் ஆவியும் உள்ள இடத்தில் யாரையும் வைத்துப் பூட்டிவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான்.

எல்லோருடைய விரலும் பதிந்தது. கோந்துவின் விரல் மட்டும் பதியவில்லை. மெஷின் மாட்ட வந்த இளைஞன் பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தான். எத்தனையோ வருடமாக வெளுப்பு மருந்திலும் வெந்நீரிலும் கிடந்த கை. விரல்நுனியெல்லாம் தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

"அக்கா, உங்க கையில ரேகையே இல்லியே."

"இருந்துச்சு தம்பி. துணியோட சேத்து வெளுத்துட்டேன்."

"சிரிக்காதீங்கக்கா. விரல் இல்லாம பேரு ஏறாது. பேரு ஏறலைன்னா நாளையிலேருந்து நீங்க வேலையிலயே இல்லைன்னுதான் காட்டும்."

"எதிர்ல நிக்கறேனே, உனக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணுமே."

கோந்துவின் முகம் வாடிவிட்டது. அந்தக் கூடத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் எதையும் இரவல் கொடுப்பார்கள். சோப்பு, ஊக்கு, செருப்பு, ஒருநாள் வேலை முறை. அந்தப் பழக்கத்தில்தான் நெட்டச்சி இடதுகையை நீட்டினாள்.

"இந்தா தம்பி, இந்தச் சுண்டுவிரல். காது குடையறதுக்குத்தான் வெச்சிருக்கேன். அவ பேர்ல எழுதிக்கோ."

இளைஞன் இரண்டு பக்கமும் பார்த்தான். "மத்த இடத்துலயும் இப்படித்தான் ஓடுது. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." விரலை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையிலும் சாயங்காலமும் நெட்டச்சி தனக்காகக் கட்டைவிரலை வைப்பாள், அவளுக்காகச் சுண்டுவிரலை வைப்பாள். காலையில் மெஷின் கோந்துவின் உண்மையான பேரைச் சொல்லும். அவள் அம்மா வைத்த பேர். அதை அந்தக் கூடத்தில் வேறு யாரும் சொன்னதில்லை. பின்னால் நிற்கும் கோந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விறைத்து நின்று, "வந்துட்டேன்ங்க!" என்பாள்.

"மெஷினுக்கு எதுக்குடி பதில் சொல்ற?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடுதே. பதில் சொல்லலைன்னா மரியாதையா இருக்குமா?"

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். பெரிய விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். நெட்டச்சியும் கோந்துவும் அப்படி மடித்துக்கொண்டிருந்தார்கள். கோந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். நடுவழியில் விரிப்பின் அந்தப் பக்கம் தொய்ந்தது. நெட்டச்சி நிமிர்ந்து பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தூங்கிவிட்டவள் போலத் தலை சாய்ந்திருந்தது.

மருத்துவமனைக்குள்ளேதான் இருந்தார்கள். டாக்டர் ஓடிவந்தும் பயன் இல்லை. அன்று சாயங்காலம் அவளுக்கும் சேர்த்து விரல் வைத்துவிட்டு வந்தது நெட்டச்சிக்கு நினைவுகூட இல்லை.

கேட்க ஆள் இல்லாததால் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. வண்டியின் பின்னால் நெட்டச்சி ஒருத்திதான் பின்கேட் வரைக்கும் நடந்துபோனாள். அறைக்குத் திரும்பினால் எதிர்க்கட்டில். மகள் போன் செய்தாள், பேசினாள். பேசி முடித்ததும், 'என்ன சொன்னா?' என்று கேட்க ஆள் இல்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போனாள். அழுத கண், தூக்கம் இல்லாத தலை. வாசலில் கட்டைவிரலை வைத்தாள். பழகிய கை. அது பாட்டுக்குச் சுண்டுவிரலையும் வைத்துவிட்டது.

மெஷின் கோந்துவின் பேரைச் சொல்லி வணக்கம் சொன்னது.

நெட்டச்சி அப்படியே நின்றாள்.

பின்னால் யாரும் "வந்துட்டேன்ங்க" என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் அன்று முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லோரும் விரல் வைத்து வெளியேறினார்கள். நெட்டச்சி கட்டைவிரலை வைத்தாள். சுண்டுவிரலை வைக்க வேண்டும். அதை நீட்டியபோது, "நன்றி, சென்று வாருங்கள்" என்ற அந்தக் குரல் காதில் கேட்டது போல இருந்தது. எங்கே போவாள் அவள்? மழையில் வெளியே போ என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

முதுகுக்குப் பின்னால் விளக்குகள் அணையவில்லை. கதவும் பூட்டிக்கொள்ளவில்லை.

இருட்டும் நேரத்தில் வாச்மேன் குடையோடு வந்து கூப்பிட்டார். "யாரும்மா உள்ள? நேரமாச்சு, வாங்க வெளிய."

ஈரத் தரை. வரிசையாக வாய் திறந்து நிற்கும் துவைக்கும் இயந்திரங்கள். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் தொங்கிய போர்வைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். யாரும் இல்லை. வாசல் பெட்டியின் சின்னத் திரையில் மட்டும், 'உள்ளே ஒருவர்' என்று எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. விளக்குகளைக் கையாலேயே அணைத்துவிட்டு நடந்தார். கேட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், கூடம் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் நாற்காலி போடவில்லை.

காலையில் பெண்கள் வந்தபோது, மடிக்காமல் விட்டுப்போன விரிப்புக் குவியல் மடித்து அடுக்கியிருந்தது. "எந்தப் புண்ணியவதி வேலை இது?" என்று சிரித்தார்கள். நெட்டச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு விரிப்பும் கோணலாக மடிந்திருந்தது. ஒவ்வொன்றின் ஒரு ஓரத்திலும் தரை அழுக்கு.

அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லாமல், தரையில் இழுத்து இழுத்து, ஒற்றை ஆள் மடித்த மடிப்பு.

பயப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். இதற்கே பயந்தால் எப்படி?

நெட்டச்சி சூப்பர்வைசரம்மாவிடம் போனாள். விரல் கொடுத்ததைச் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போகும். மகளுக்கு நிறைமாதம். வேலைக்காரர்கள் வீட்டுப் பிரசவம் இங்கேயே பார்ப்பார்கள் என்று மகளை வரச்சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போனவர், வர முடியாது. மகளுக்குப் பக்கத்தில் நிற்க இவளை விட்டால் வேறு நாதி இல்லை. அதனால் பட்டும் படாமலும் கேட்டாள்.

"அம்மா, அவ பேரு இன்னும் மெஷின்ல இருக்கு போல. எடுத்துடச் சொல்லுங்களேன்."

சூப்பர்வைசரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "எடுக்க வராதும்மா. அவங்க டியூட்டியில இருக்காங்கன்னு காட்டுது."

"செத்துப் போயிட்டாம்மா!"

"எனக்குத் தெரியாதா? நானும்தானே அழுதேன். ஆனா உள்ள இருக்கற ஆளை எப்படி எடுக்கறது? முதல்ல அவங்க வெளிய போற விரல் வைக்கணும். அப்புறம்தான் பேரை எடுக்க விடும்."

"செத்தவ எப்படிம்மா வந்து விரல் வைப்பா?"

"அதைத்தான் நானும் மேல கேட்டிருக்கேன். பதில் வரட்டும்."

பதில் வரவில்லை. விளக்குகள் எரிந்தன. காலையில் ஒற்றை ஆள் மடித்த விரிப்புகள் இருந்தன. நெட்டச்சியின் இடதுகைச் சுண்டுவிரல் சில்லிட்டுப் போனது. நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. அடுப்பில் காட்டினாலும் சூடு ஏறவில்லை. அறையில் படுத்திருக்கும்போது மற்ற விரல்களோடு படாமல் அதை மட்டும் தனியாக நீட்டி வைத்துக்கொள்வாள். அவளுக்குப் பயம்தான். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. விரலை வைத்து அனுப்பிவிட்டால் கூடம் இருண்டுவிடும், கதவு பூட்டிக்கொள்ளும், கோந்து என்று ஒருத்தி இருந்ததற்கு அப்புறம் ஒரு அடையாளமும் மிச்சம் இருக்காது. மகள் வந்து போகட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டாள்.

மகள் வந்தாள். வந்த இரண்டாம் நாளே வலி எடுத்துவிட்டது.

பிரசவ வார்டு மேல்மாடியில். வாசலில் அதே கறுப்புப் பெட்டி. கூட நிற்க ஒருவருக்குத்தான் அனுமதி, அவருடைய விரலைப் பதிந்துகொள்வார்கள். நெட்டச்சி சலவைக்கூடத்தில் வெளியே போகும் விரலை வைத்துவிட்டு அப்படியே ஓடிவந்தவள், கையெல்லாம் வியர்வை ஈரம். கட்டைவிரலை வைத்தாள். எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், எடுக்கவில்லை.

"வேற விரல் வைங்கம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க." நர்ஸ் பொறுமை இல்லாமல் அவள் இடதுகையைப் பிடித்து விரல் விரலாக அழுத்தினாள். மகள் வலியில் முனகினாள். நெட்டச்சி திரும்பி மகளைப் பார்த்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. "ஆங், எடுத்துருச்சு. போங்க உள்ள." நர்ஸ் திரையைப் பார்க்கவில்லை. நெட்டச்சியும் பார்க்கவில்லை.

மத்தியானமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வலி விட்டு விட்டு வந்தது. "நேரம் ஆகும், குழந்தைக்குத் துணி கொண்டாங்க" என்றார்கள். மகள் கையை விடுவித்துக்கொண்டு நெட்டச்சி அறைக்கு ஓடினாள். அவசரத்தில் விரல் வைக்காமல், யாருக்கோ திறந்த கதவு வழியாகவே வெளியே வந்துவிட்டாள். துணியை எடுத்துக்கொண்டு நனைந்தபடி திரும்பினால், வார்டு வாசலில் காவலுக்கு நின்ற பெண் கையை நீட்டி மறித்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"உள்ள என் பொண்ணு."

காவல்காரி அவள் சொன்ன கட்டில் எண்ணைத் திரையில் பார்த்தாள். "அந்தக் கட்டிலுக்கு ஆள் உள்ள இருக்காங்களே."

"அது நான்தாம்மா."

"நீங்க வெளிய நிக்கறீங்க. அவங்க உள்ள இருக்காங்க." திரையைத் திருப்பிக் காட்டினாள்.

கோந்துவின் பேர். பக்கத்தில், 'உள்ளே.'

நெட்டச்சி தன் இடதுகைச் சுண்டுவிரலைப் பார்த்தாள். "அது... அது நான் இல்ல."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"இல்லம்மா. அவ செத்துப் போயிட்டா. அந்த விரல் என்னோடது. அவளுக்குக் குடுத்திருந்தேன்."

"விரலை எப்படிம்மா குடுப்பீங்க? மோதிரமா, கழட்டிக் குடுக்க?"

"தாயே, உன் காலைப் பிடிக்கறேன். வேலை போனாலும் போகட்டும், யார்கிட்ட வேணும்னாலும் சொல்றேன். என் முகத்தைப் பாரு. காலையில நீதானே கதவு தொறந்து விட்ட?"

காவல்காரி முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் நினைவு வந்தது போலத்தான் இருந்தது. ஆனாலும் மறுபடி திரையைத்தான் பார்த்தாள். "என் வேலையும் போயிடும்மா" என்றாள் மெதுவாக.

கதவுக்குப் பின்னால் மகள் அலறினாள். "அம்மா!"

நெட்டச்சி கதவில் முட்டினாள். "இங்கதான் இருக்கேண்டி! வந்துட்டேண்டி!"

"அம்மா!"

பிறகு அலறல் தணிந்தது.

நெட்டச்சி காதைக் கதவில் வைத்தாள்.

"அம்மா... விட்டுடாத" என்றது மகளின் குரல். "ஆங்... அப்படியே பிடிச்சுக்கோ."

மகள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

கதவின் அடி இடுக்கு வழியாக வெளுப்பு மருந்தின் நெடி வந்தது.

நெட்டச்சி கத்தவில்லை. கத்தினால் உள்ளே இருப்பது கையை விட்டுவிடுமோ என்று ஒரு பயம். விடாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில், நனைந்த துணிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கதவோடு கதவாக நின்றாள். நடைவழியில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. மெஷினுக்குத் தெரியாத ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாளும் கூடத்துக்குள் ஒருத்தி எப்படி இருந்திருப்பாள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஒரு குழந்தை அழுதது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "பொண்ணு பொறந்திருக்கு, யாராவது..." என்று ஆரம்பித்தவள் நெட்டச்சியைப் பார்த்து நிறுத்தினாள். "நீங்க எப்ப வெளிய வந்தீங்க? இப்பதானே கட்டில் பக்கத்துல..."

நர்ஸ் திரும்பி உள்ளே பார்த்தாள். பிறகு கதவை அகலமாகத் திறந்துவிட்டாள். காவல்காரி இந்த முறை மறிக்கவில்லை.

மகள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். நெட்டச்சி கையைத் தொட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"இப்பதாம்மா உன் கை சூடா இருக்கு."

"முன்னாடி?"

"ஜில்லுன்னு இருந்துச்சு. வழவழன்னு. ஆனா நல்லா பிடிச்சிருந்த. நான் எவ்வளவு நெரிச்சும் விடவே இல்ல." மகள் எச்சில் விழுங்கினாள். "ஏம்மா ஒண்ணுமே பேசல? நான் கூப்பிட்டதுக்கெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்ன."

"என்ன சொன்னேன்?"

"வந்துட்டேன்ங்கன்னு. என்னைப் போய் 'ங்க' போட்டு யாராவது சொல்லுவாங்களா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலி ஈரமாக இருந்தது. நெட்டச்சி அதைப் பார்த்தாள், ஆனால் உட்காரவில்லை. வேறு நாற்காலியும் தேடவில்லை. அவளுக்கு என்னவோ, அந்த நாற்காலிக்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

நர்ஸ் குழந்தையைத் துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்தாள். அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இன்னொரு கையில், வாசலில் இருப்பது மாதிரியே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி.

"எதுக்கு அது?" என்றாள் மகள்.

"பிள்ளை மாறிப் போயிடக் கூடாதுல்ல? ஒரு விரலைப் பதிஞ்சுட்டா போதும், ஆயுசுக்கும் இவ இவதான்."

"இன்னும் கண்ணே தொறக்கல. அதுக்குள்ளயா? கேக்காம கொள்ளாமலா?"

நர்ஸ் சிரித்தாள். "யாரைக் கேக்கறது? இவளைக் கேட்டா வேண்டாம்னு சொல்லத் தெரியுமா?"

அரிசி மணி மாதிரி இருந்த கட்டைவிரலைப் பெட்டியில் வைத்தாள். பதியவில்லை. அடுத்த விரல். பதியவில்லை. நர்ஸ் இடதுகையின் மூடிய விரல்களை மெதுவாகப் பிரித்தாள்.

"இரும்மா" என்றாள் நெட்டச்சி. "இன்னிக்கு வேண்டாம். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு என்ன, நாளன்னிக்கு என்ன? இதோ, ஒரே ஒரு விரல்."

"அந்த விரல் வேண்டாம்!"

அதற்குள் அந்தச் சுண்டுவிரலை அழுத்திவிட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண்குரல் கோந்துவின் பேரைச் சொன்னது.

"நன்றி, சென்று வாருங்கள்."

"இதென்ன, யார் பேரையோ சொல்லுது?" நர்ஸ் பெட்டியை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். "நேத்துதான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தாங்க, சனியன்." முணுமுணுத்துக்கொண்டே குழந்தையை நெட்டச்சியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நெட்டச்சி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே, மழைக்கு அப்பால், வேலை முடிந்து எல்லோரும் போய்விட்ட சலவைக்கூடம் இத்தனை நாளாக எரிந்த மாதிரியே எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்கோடி விளக்கு அணைந்தது. பிறகு அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றாக, யாரோ கூடத்தின் நீளத்துக்கும் நடந்து வருகிற வேகத்தில், வாசல் வரைக்கும் அணைந்துகொண்டே வந்தது.

கூடம் இருண்டது.

கைக்குள் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. நெட்டச்சி ஆட்டினாள், தோளில் போட்டாள், முதுகைத் தட்டினாள். எதற்கும் அடங்கவில்லை. கட்டிலிலிருந்து மகள் சோர்வோடு கேட்டாள்.

"அம்மா, மெஷின் சொல்லுச்சே, அது யாரோட பேரு?"

நெட்டச்சி இருண்ட கூடத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு குழந்தையின் காதருகே குனிந்து, இதுவரை தன் வாயால் ஒருமுறைகூடச் சொல்லியிராத அந்தப் பேரைச் சொன்னாள்.

குழந்தை அழுகையை நிறுத்தியது.

தலையைத் திருப்பி, கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்தது.